ஊராட்சியும் அதன் துணைகளும்

நம் நாட்டுப்புறச் சாலைகளில் செல்லும்போது 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்னும் பெயர்ப்பலகையை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். உங்களில் பலர் அத்தகைய பள்ளியிலேயே எழுத்தறிந்தும் இருப்பீர்கள். ஊராட்சி ஒன்றியம் என்பது யாது? பள்ளிக்கும் அதற்கும் என்ன உறவு? அவ்வுறவு இன்றும் நிலைத்திருக்கிறதா? எளியவை போல் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுந்தால், அவை ஒரு நீண்ட வரலாற்றின் வாயிலில் நம்மைக் கொண்டு நிறுத்துகின்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்வதற்கு மூன்று பொருள்கள் வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று அதிகாரம், இரண்டு செல்வம், மூன்று அறிவுத் துணை. அதிகாரம் இருந்து செல்வம் இல்லையெனில் தீர்மானங்கள் ஏட்டிலேயே உறங்கும். செல்வம் இருந்து அதிகாரம் இல்லையெனில் ஊரார் கைநீட்டிப் பெறுவோராகவே நிற்பர். இரண்டும் இருந்து அறிவுத் துணை இல்லையெனில் பொருள் வீணாகும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த காலம் நம் வரலாற்றில் மிகக் குறைவு. ஒன்று வந்தபோது மற்றொன்று வரவில்லை என்பதே நான் சொல்லப்போகும் கதையின் சாரம்.

ஊராட்சியைப் பற்றிப் பேசுவோர் எவரும் உத்தரமேரூரை மறப்பதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் தேர்தல் முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் அக்குடத்தினின்று ஓலையை எடுத்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என வேலைகள் வகுக்கப்பட்டிருந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்ற விதியை எண்ணிப் பாருங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

ஆயினும் அச்சபையைக் குடியரசின் முழு வடிவம் என்று கொண்டாடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவரே அதில் இடம்பெற முடியும். அவ்வூரின் வயலை உழுதவர்க்கோ, பெண்களுக்கோ அக்குடத்தில் ஓலை இல்லை. இக்குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே வினா பின்னரும் நம்மை எதிர்கொள்ளும்.

பல நூற்றாண்டுகளைக் கடந்து ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். சென்னையில் 1688-லேயே நகராண்மைக் கழகம் தோன்றிவிட்டது. ஆனால் சிற்றூர்களின் நிலை வேறு. நிலவரி அரசாங்கக் கருவூலத்துக்குப் போயிற்று. கிராம அதிகாரிகள் அரசாங்கத்தின் ஊழியராயினர். ஏரியும் வாய்க்காலும் கவனிப்பாரின்றித் தேய்ந்தன. 1882-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஒரு புதிய நோக்கத்தை எடுத்துரைத்தது. உள்ளூர் ஆட்சி மன்றங்கள் நிர்வாகத்தைச் சீராக்குவதைக் காட்டிலும், மக்களுக்கு அரசியல் கல்வி புகட்டும் கருவியாக வேண்டும் என்று அது கருதியது. அதன் விளைவாக 1884-ல் சென்னை மாகாணத்தில் தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகளும் தாலூகா போர்டுகளும் அமைந்தன. எண்ணம் உயர்ந்ததே. ஆனால் வாக்களிக்கும் உரிமை சிலருக்கே இருந்தது. பொருளோ அதனினும் சிறிதாயிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வழி திறந்தது. சட்டத்தின் மூலமாக அன்றி, தொண்டின் மூலமாக ஊரை உயர்த்த முயன்றவர்கள் தோன்றினர். வங்காளத்தில் இரவீந்திரநாத தாகூர் 1922-ல் ஸ்ரீநிகேதனத்தை அமைத்தார். அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஓர் ஊர்ப்புனரமைப்பு நிலையத்தை நடத்தினார். பஞ்சாபில் குர்கான் மாவட்ட ஆட்சியராயிருந்த பிரெயின் என்ற ஆங்கிலேயர் கிராமச் சீர்திருத்தத்தைப் பெருமுழக்கத்துடன் மேற்கொண்டார்.

இவ்விருவரின் வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். பிரெயின் ஆற்றல் மிக்கவர். எருக்குழிகள் வெட்டச் செய்தார், நல்ல விதைகளைப் பரப்பினார், சுகாதாரத்தை வற்புறுத்தினார். ஆனால் எல்லாம் அதிகாரியின் ஊக்கத்தில் நடந்தவை. அவர் 1920-களின் பிற்பகுதியில் மாற்றலாகிச் சென்றதும் அவ்வியக்கம் தளர்ந்துவிட்டது. ஹாட்சின் வழி வேறு. வல்லுநர் அருகிருந்து அறிவுரை கூறவேண்டும். வேலையை ஊராரே செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கூட்டுறவு விற்பனை எனச் சிறு தொழில்களை அவர் கற்பித்தார். அவர் சென்று பல்லாண்டுகள் கழிந்தும், மார்த்தாண்டத் தேன் இன்றும் கடைகளில் பெயர் சொல்லி விற்கப்படுகிறது. கட்டளையால் வந்தது கட்டளையோடு போயிற்று. கற்றுக்கொண்டது கையிலேயே தங்கிற்று.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1946-ல் சென்னை மாகாண அரசு பிர்க்கா வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1948-ல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் வழிகாட்டலில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. இவற்றின் படிப்பினைகளைக் கொண்டு 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் இந்தியாவெங்கும் தொடங்கப்பட்டது. அமெரிக்க அரசின் தொழில்நுட்ப உதவியும், போர்டு அறக்கட்டளையின் பயிற்சி உதவியும் அதற்குக் கிடைத்தன. நூறு கிராமங்களைக் கொண்ட ஒரு வட்டாரம். அதற்கொரு வளர்ச்சி அதிகாரி. விவசாயம், கால்நடை, கூட்டுறவு ஆகியவற்றுக்குத் தனித்தனி விரிவாக்க அலுவலர்கள். ஏறத்தாழப் பத்துக் கிராமங்களுக்கு ஒரு கிராம சேவக். இதுவே அதன் அமைப்பு. சைக்கிளில் ஊர் ஊராகச் சென்ற அந்தக் கிராம சேவக்கை உங்கள் பாட்டனார் அறிந்திருக்கக்கூடும்.

வானொலியும் அத்துணைகளுள் ஒன்றாயிற்று என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1956-ல் புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில், யுனெஸ்கோவின் ஆதரவுடன் வானொலிக் கிராம மன்றங்கள் அமைந்தன. ஊரார் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர், பின்னர் விவாதிப்பர், ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவர். நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலியின் முன் மாலைதோறும் கூடிய பெரியவர்கள், விலை நிலவரத்தைக் கேட்டுவிட்டு நெடுநேரம் வாதாடியது எனக்கு நினைவிருக்கிறது. பிற்காலத்தில் தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 என்னும் நெல், வானொலியால் பரவியமையின் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது.

இத்தனை துணைகள் இருந்தும் ஒரு குறை விரைவிலேயே தெரிந்தது. கிணறும் சாலையும் பெருகின. ஆனால் மக்கள் அவற்றை 'அரசாங்கத்தின் வேலை' என்றே எண்ணினர். இதை ஆராய 1957-ல் பல்வந்தராய் மேத்தா தலைமையில் ஒரு குழு அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் பொறுப்பையும் பொருளையும் ஒப்படைத்தாலன்றி மக்களின் ஊக்கம் பிறவாது என்று அக்குழு அவ்வாண்டு இறுதியில் அறிவித்தது. அதன் பரிந்துரையை ஏற்று 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ராஜஸ்தானத்தின் நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கிவைத்தார்.

சென்னை மாநிலம் இதற்கு முன்பே, காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1958-ல் பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றியிருந்தது. ஜில்லா போர்டுகள் மறைந்தன. வளர்ச்சி வட்டாரமே பஞ்சாயத்து யூனியன் ஆயிற்று. அதனையே இன்று ஊராட்சி ஒன்றியம் என்கிறோம். வட்டாரத்தின் வளர்ச்சி அதிகாரி ஒன்றியத்தின் ஆணையாளரானார். தொடக்கக் கல்வி ஒன்றியத்தின் பொறுப்பாயிற்று. நீங்கள் காணும் பெயர்ப்பலகையின் பிறப்பு இதுவே. பொருள் விஷயத்திலும் ஒரு நல்ல முறை ஏற்பட்டது. ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஈடாக அரசும் ஒரு தொகை வழங்கியது. தானும் முயன்றவருக்குத் துணை. முயலாதவருக்கு அந்த அளவில் இழப்பு. துணை என்பது சோம்பலை வளர்க்கலாகாது என்ற ஹாட்சின் பாடம் இங்கே சட்ட வடிவம் பெற்றது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு தமிழரை நினைவுகூர வேண்டும். அவர் கே. சந்தானம். அரசியல் நிர்ணய சபையில், 1948 நவம்பர் தொடக்கத்தில் டாக்டர் அம்பேத்கர் கிராமத்தை அடிப்படையாகக் கொள்வதை வன்மையாக மறுத்துரைத்தார். சாதியின் கொடுமை குடிகொண்ட ஊரிடம் அதிகாரத்தை ஒப்படைத்தால் ஒடுக்கப்பட்டோர் கதி என்னாகும் என்ற கவலை அவர் உள்ளத்தில் இருந்தது. அதே மாதம் சந்தானம் கொண்டுவந்த திருத்தமே நாற்பதாவது விதியாயிற்று. தன்னாட்சி அலகுகளாக இயங்கத்தக்க அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசு வழங்கவேண்டும் என்பது அவ்விதி. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1963-ல், பஞ்சாயத்துகளின் நிதி நிலையை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவரானார். அதிகாரத்தை எழுதிவைத்தவரே பணத்தைத் தேடிப் புறப்பட நேர்ந்தது. இவ்வரலாற்றில் இதைவிடப் பொருள் பொதிந்த நிகழ்ச்சி வேறில்லை.

பின்வந்த ஆண்டுகள் மகிழ்ச்சி தருவன அல்ல. 1970-க்குப் பின் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-ல். அதற்குப் பின் 1996-ல். இடைக்காலங்களில் பெரும்பகுதி தனி அலுவலர்களின் ஆட்சி. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-ல் அரசு ஊழியராயினர். அது ஆசிரியர்க்கு நன்மையே. ஆனால் பெயர்ப்பலகை மட்டும் ஒன்றியத்திடம் நின்றது. பள்ளியின் ஆட்சி சென்னைக்குப் போயிற்று.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் புதிய அடித்தளம் இட்டது. ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், வருவாயைப் பங்கிட மாநில நிதி ஆணையம், 29 பொருள்கள் கொண்ட அட்டவணை, பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் ஆகியவை அதில் அடங்கும். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016-ல் பாதியாக உயர்த்தப்பட்டது. உத்தரமேரூர்க் குடத்தில் இடம்பெறாத பெயர்கள் ஒருவாறு உள்ளே வந்தன.

அவை எளிதில் வந்துவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், பட்டியல் வகுப்பில் பிறந்து தலைவரான ஒரே காரணத்தால், 1997 ஜூன் 30-ஆம் நாள் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தனி ஊராட்சித் தேர்தல் முறையாக நடைபெறப் பத்து ஆண்டுகள் ஆயின. அம்பேத்கரின் கவலை வீண் அச்சமன்று என்பதை அவ்வூர்கள் காட்டின. வெளியிலிருந்து வரும் துணைகளுள் தலையாயது பணமன்று. மெலியோரைக் காக்கும் சட்டமே.

இன்று துணை நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1958-ல் முசூரியில் தொடங்கிப் பின் ஐதராபாத்துக்குச் சென்ற ஆய்வு நிலையம், இன்று தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனமாய் வளர்ந்துள்ளது. மறைமலைநகரில் மாநிலப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1947-ல் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில் ஊரகப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. மத்திய நிதிக்குழுவின் மானியங்களும் வருகின்றன. ஆனால் பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில், 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீர், சுகாதாரம் போன்ற குறித்த செலவுகளுக்கே உரியதாக வகுக்கப்பட்டது. பொருள் வருகிறது, அதைச் செலவிடும் வழியும் பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. தேர்தலும் தவறாமல் வருவதில்லை. 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 இறுதியில். அதுவும் சில மாவட்டங்கள் நீங்கலாக.

மாணவ நண்பர்களே, துணை என்பது ஊன்றுகோல் போன்றது. நடக்க விரும்புவோனுக்கு அது உதவும்; கால் அசைக்காதவனை அது சுமந்து செல்லாது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுதல் வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். பதினெட்டு வயது நிரம்பியோர் அங்கே சென்று அமருங்கள். நிரம்பாதோர் உங்கள் தாயையும் தந்தையையும் அனுப்புங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 921-ல் உத்தரமேரூர்க் கல்லில் எழுதிய விதியில் நமக்கு இன்றும் பயன்படுவது அந்த ஒன்றே. கணக்குக் கேட்கும் ஊருக்கே அதிகாரமும், செல்வமும், அறிவுத் துணையும் நிலைத்துப் பயன்தரும். பெயர்ப்பலகையில் உள்ள 'ஊராட்சி' என்னும் சொல்லுக்கு உயிர் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.