பசுந்தழையும் செவ்வண்ணமும்: நத்தார்கால இல்ல அலங்காரத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

பண்டிகைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றுவாயைக் கண்டறிவதோடு தமது பணி முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். நத்தார்க் காலத்திலே இங்கிலாந்தின் இல்லங்களைப் பசுந்தழைகளாலும் கருஞ்சிவப்பு, கரும்பச்சை, பொன் ஆகிய வண்ணங்களாலும் அலங்கரிக்கும் வழக்கம் பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கல்ல. உரோமரின் சற்றேணலியா விழா, துறூயிட்டுக் குருமாரின் புல்லுருவி வழிபாடு, வட ஐரோப்பியரின் மாரிகாலச் சடங்குகள் என்பவற்றின் ‘எச்சமே’ இவ்வழக்கம் என்று கூறி அவை அமைதி கொள்கின்றன.

இவ்விளக்கம் முற்றிலும் பிழையானதன்று. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி எழுதிய தேர்த்துலியன், பிற சமயத்தாரின் விழா நாட்களிலே கிறித்தவர்களும் தம் வாயில்களில் லோறல் தழைகளையும் விளக்குகளையும் இடுவதைக் கண்டித்துள்ளார். மரங்கள் இலையுதிர்த்து நிலம் உறைந்து கிடக்கும் காலத்திலே, பசுமை மாறாத செடிகள் உழுதுண்டு வாழ்ந்த மக்களுக்கு உயிர்ப்பின் குறியீடாகத் தோன்றியமை இயல்பே. ஆயின், ஒரு வழக்கம் எங்கிருந்து தொடங்கிற்று என்பதைக் கூறும் ‘எச்சம்’ என்ற கருத்து, அது ஏன் நிலைத்தது, எவ்வாறு மாறிற்று, யாருடைய உழைப்பால் யாருடைய இல்லத்தை அழகுபடுத்திற்று என்னும் வினாக்களுக்கு விடை தருவதில்லை. செங்கனியும் முள்ளிலையும் கொண்ட ஒரே ஹொலிக் கிளை 1598இலும் 1647இலும் 1848இலும் ஒரே பொருளைச் சுட்டி நிற்கவில்லை. இலை மாறவில்லை, அதனைச் சூழ்ந்து நின்ற சமூக உறவுகளே மாறின. அம்மாற்றத்தின் சில கட்டங்களை இனங்காண்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

2

1598இல் வெளிவந்த தமது இலண்டன் நகர விவரணத்திலே ஜோன் ஸ்ரோ, நத்தார்க் காலத்தில் வீடுகள்தோறும் கோயிற்பற்றுத் தேவாலயங்கள்தோறும் ஹொலி, ஐவி, பே முதலிய, அப்பருவத்திலே பசுமையாய்க் கிடைத்த தழைகள் கட்டப்பட்டமையைப் பதிவு செய்துள்ளார். தெருக்களிலிருந்த பொது நீர்நிலைகளும் கம்பங்களும்கூட அவ்வாறே அலங்கரிக்கப்பட்டன. தேவாலயக் கணக்கேடுகளிலே ஹொலிக்கும் ஐவிக்கும் பணம் கொடுக்கப்பட்ட குறிப்புகள் காணப்படுகின்றன. இங்கு மனங்கொள்ள வேண்டியது யாதெனில், இல்லம், ஆலயம், தெரு ஆகிய மூன்றும் ஒரே தழையினால் இணைக்கப்பட்டிருந்தன என்பதே. அலங்காரம் அன்று தனிமனிதரின் இரசனையைக் காட்டுவதற்கான சாதனமாக இருக்கவில்லை. ஊர் முழுவதும் பங்குகொண்ட ஒரு செயலாகவே இருந்தது.

இவ்வழக்கத்தின் மீது முதற் பேரடி விழுந்தது பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலப் புரட்சிக் காலத்திலாகும். 1647ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பாராளுமன்றம் நத்தார், உயிர்த்த ஞாயிறு முதலிய திருநாட்களை ஒழித்துக் கட்டளை பிறப்பித்தது. அவற்றுக்கு ஈடாக, வேலையாட்களும் தொழில் பயில்வோரும் ஓய்வு கொள்ள ஒவ்வொரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒதுக்கப்பட்டது. தூய்மைவாதிகளின் சமயப் பிடிவாதம் என்று மட்டும் இதனை விளக்குதல் போதாது. புனிதர் திருநாட்கள் மீதான அவர்களின் எதிர்ப்புக்கும், ஒழுங்கான, இடையறாத உழைப்பை வேண்டி நின்ற நடுத்தர உற்பத்தியாளரின் நலன்களுக்குமிடையே நிலவிய தொடர்பைக் கிறிஸ்ரோபர் ஹில் 1964இல் வெளியிட்ட தமது நூலிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். பருவத்தின் போக்கிலே அமைந்திருந்த விழாக்களுக்குப் பதிலாக நாட்காட்டியின் கணக்கிலே அமைந்த ஓய்வு நாள் வந்தமை, பிற்காலத்துத் தொழிற்சாலை நேரத்தின் முன்னறிகுறி எனலாம்.

அவ்வாண்டு திசெம்பரிலே கன்ரபரி நகரில் நத்தார் நாளன்று சந்தையைத் திறந்து வைக்குமாறு நகரபிதா ஆணையிட்டபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வீட்டு வாயில்களிலே ஹொலிக் கிளைகள் நாட்டப்பட்டன. இலண்டன் கோண்ஹில் பகுதியிலே பொது நீர்நிலையின் மீது கட்டப்பட்ட பசுந்தழையை அகற்ற வந்த நகரபிதாவின் ஆட்களைக் கூட்டத்தினர் எதிர்த்தனர். வெறும் அலங்காரமாயிருந்த தழை இப்பொழுது அரசியற் பதாகையாயிற்று.

இக்கிளர்ச்சியை மதிப்பிடுவதில் நாம் அவதானமாயிருத்தல் வேண்டும். மன்னர் தரப்பினர் இதனைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தினர் என்பதில் ஐயமில்லை. மன்னராட்சியை வீழ்த்திய புரட்சி வரலாற்றில் முற்போக்கான பாத்திரத்தை வகித்தது என்பதும் உண்மையே. எனினும், அப்புரட்சிக்குத் தலைமை தாங்கிய வர்க்கம் உழைப்பாளியின் ஓய்வைத் தன் கணக்கேட்டுக்குள் அடக்க முற்பட்டபோது, கன்ரபரி மக்களின் எதிர்ப்பிலே பழமைப் பற்றும் நியாயமான தற்காப்பும் ஒருங்கே கலந்திருந்தன. முற்போக்கான மாற்றம் ஒன்று தன்னுள்ளேயே புதிய ஒடுக்குமுறையின் வித்தைக் கொண்டிருக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டாகும். 1660இல் மன்னராட்சி மீண்டபோது திருநாளும் மீண்டது. ஆனால் அதனைத் தாங்கி நின்ற கிராமிய சமூகமோ சிதையத் தொடங்கியிருந்தது.

3

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பாராளுமன்றச் சட்டங்களின் வாயிலாகப் பெருமளவில் நிகழ்ந்த நில அடைப்பு, பொதுநிலங்களை வேலிக்குள்ளாக்கிற்று. விறகு பொறுக்குவதும் தழை வெட்டுவதும் ஏழைகளின் மரபுரிமையாயிருந்த நிலை மாறி, அவை உடைமை மீறலாகக் கருதப்படலாயின. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. 1842இல், ஜேர்மனியின் றைன் மாகாணத்திலே வீழ்ந்த விறகைப் பொறுக்குவோரைத் திருடராக்கிய சட்ட விவாதங்கள் பற்றி இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைகள், பொருளியற் பிரச்சினைகளின்பால் அவரைத் திருப்பிய தொடக்கங்களுள் ஒன்று என்பது அறியப்பட்டதே. பிற்காலத்திலே வீட்டின் நடுவே வந்து நிற்கப்போகும் நத்தார் மரத்தின் தாயகமும் அந்நாடே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பொதுநிலத்திலிருந்து விலக்கப்பட்ட தழை சந்தைக்கு வந்தது. ஹென்றி மேஹியூ 1851இல் நூலாக வெளியிட்ட இலண்டன் தொழிலாளர் பற்றிய ஆய்விலே, லோறல், ஐவி, ஹொலி, புல்லுருவி ஆகியவற்றைத் தெருக்களிலே விற்ற வறியோர் பற்றித் தனியே எழுதியுள்ளார். கிராமத்திலே கைக்கெட்டிய கிளை நகரத்திலே காசு கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. அதனைத் தலையிலே சுமந்து விற்றவன் தன் ஒற்றையறைக்கு ஒரு கிளையை எடுத்து வைத்தானாயின், அன்றைய வருவாயில் அத்தனை குறைந்தது. பயன்பெறுமானமும் மாற்றுப்பெறுமானமும் பற்றிய பாடத்தை இதனிலும் எளிமையாகக் கற்பித்தல் அரிது.

4

தழை பண்டமாகிய அதே காலத்திலே அது சென்றடைந்த இடமும் மாறிற்று. தெருவும் நீர்நிலையும் பின்னொதுங்க, நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறை முன்னணிக்கு வந்தது. 1605ஆம் ஆண்டளவில் ஸ்ற்றாஸ்பூர்க் நகர வீடுகளிலே கடதாசிப் பூக்களும் அப்பிள்களும் தொங்கவிடப்பட்ட மரங்கள் நிறுத்தப்பட்டமைக்குச் சான்றுண்டு. ஜேர்மனியில் பிறந்த சார்லட் அரசி 1800இல் வின்சரிலே பிள்ளைகளுக்காக மரமொன்றை நிறுத்தினார். எனினும் அரண்மனை வழக்கம் நடுத்தர வர்க்க வழக்கமாகியது 1848 திசெம்பரில், விக்ரோறியா அரசியும் அல்பேட் இளவரசரும் பிள்ளைகளுடன் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை இலஸ்ரேற்றட் லண்டன் நியூஸ் வெளியிட்ட பின்னரே. 1850இல் அமெரிக்க மாதர் சஞ்சிகையொன்று அதே படத்தை, அரசியின் முடியணியையும் இளவரசரின் மீசையையும் நீக்கிவிட்டு மறுபதிப்புச் செய்தது. அரச குடும்பம் இவ்வாறு ‘எந்தக் குடும்பமும்’ ஆயிற்று. ஒரு வர்க்கத்தின் வாழ்க்கை முறை மனித குலத்தின் பொது இயல்பாகத் தோற்றமெடுக்கும் முறைமையை அச்சுப்பாளத்திலேயே நாம் இங்குக் காண்கிறோம்.

1848 ஐரோப்பாவெங்கும் புரட்சித் தீ மூண்ட ஆண்டென்பதும், இங்கிலாந்திலே சாசன இயக்கத்தினர் தம் இறுதிப் பெருமனுவைக் கொணர்ந்த ஆண்டென்பதும் மறக்கற்பாலனவல்ல. தெரு அச்சத்துக்குரிய இடமாகத் தோன்றிய காலத்திலே, கதவடைத்த அறையின் கணப்படுப்பும் மரமும் ஆறுதலாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தனிமனிதரின் இல்லம் தொழிலிடத்துக்கு எதிர்முனையாக நிறுவப்பட்டதென்றும், அலுவலகத்தில் யதார்த்தத்துடன் கணக்குத் தீர்ப்பவர் வீட்டின் உள்ளகத்திலே மாயைகளைப் பேணினாரென்றும் வால்ற்றர் பென்யமின் 1935இல் எழுதிய கட்டுரை காட்டும் கருத்து இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும். 1843 திசெம்பரில் டிக்கன்ஸ் வெளியிட்ட நத்தார்க் கதையிலும் ஓர் அறை பசுந்தழையால் சோலையாகிறது. சிறுவர் தொழில் பற்றிய ஆணைக்குழு அறிக்கையே அக்கதையை எழுதத் தூண்டிற்று. ஆயினும் கதை தரும் தீர்வு முதலாளியின் மனமாற்றமாக அமைந்ததேயன்றி உழைப்பு உறவின் மாற்றமாக அமையவில்லை.

அவ்வறையின் ஆழ்ந்த வண்ணங்களுக்கும் பொருளியல் அடிப்படை உண்டு. நிலக்கரிப் புகையும் வாயு விளக்கும் சுவர்களைக் கறைப்படுத்திய நகரங்களிலே கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் அழுக்கைப் பொறுத்தன. 1712இலிருந்து நிலவிய சுவர்த்தாள் வரி 1836இல் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் லங்காஷயரிலே இயந்திர அச்சு முறை கைகூடிற்று. வண்ணச் சுவர் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டுவதாயிற்று. மஞ்சிட்டி இன வேரிலிருந்து பெற்ற செஞ்சாயத்தின் மூலப்பொருளை 1868இல் கிறேபேயும் லீபர்மானும் நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கினர், செந்நாடா மலிந்தது, தென் பிரான்சிலே அவ்வேரைப் பயிரிட்டு வந்த உழவர் வாழ்விழந்தனர்.

5

செவ்வண்ணத்தைவிடப் பச்சைக்குக் கொடுக்கப்பட்ட விலை கொடியது. 1775இல் ஷீலே கண்டறிந்ததும் அதன் பின்வந்ததுமான ஒளிமிக்க பச்சைச் சாயங்கள் செம்பும் ஆசனிக்கும் சேர்ந்த நச்சுப் பொருட்களாகும். சுவர்த்தாளிலும் துணியிலும் மெழுகுதிரியிலும் செயற்கைத் தழையிலும் அவை பயன்பட்டன. மாரியிலும் வாடாத இலையை விரும்பிய மாதருக்காகத் தலைமாலைகளும் தழைக்கொத்துகளும் இலண்டன் பட்டறைகளிலே செய்யப்பட்டன. மற்றில்டா ஷோய்ரர் என்னும் பத்தொன்பது வயதுப் பெண் அத்தகைய பட்டறையொன்றிலே செயற்கை இலைகளின் மீது பச்சைத் தூளைத் தூவும் பணி செய்தவள். 1861 நவம்பரில் அவள் இறந்தாள். அவள் வாந்தி பச்சையாயிருந்தது; விழிவெண்மை பச்சையாயிற்று; காண்பதெல்லாம் பச்சையாகத் தோன்றுவதாக அவள் கூறினாள். உடற்பரிசோதனை ஆசனிக்கு நஞ்சை உறுதிப்படுத்திற்று. பசுமை உயிர்ப்பின் குறியீடென்று கூறும் நாட்டாரியல் நூல்களிலே இம்மரணம் இடம்பெறுவதில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின், 1863இல், ஓய்வற்ற தையல் வேலையால் இறந்த மேரி ஆன் வோக்லி என்னும் இருபது வயதுப் பெண்ணை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் வேலைநாள் பற்றிய அதிகாரத்திலே நிலைபெறச் செய்தார். மற்றில்டாவுக்கு அத்தகைய அதிகாரம் கிடைக்கவில்லை. ஆயினும் இருவரும் ஒரே அமைப்பின் பலிகளே.

இம்முரண்பாடு சோசலிசவாதியான வில்லியம் மொறிஸையும் விட்டுவைக்கவில்லை. இயந்திரப் பொருட்களின் போலி அழகை எதிர்த்து, இலையும் கொடியும் படர்ந்த சுவர்த்தாள்களை ஆக்கிய அவரது செல்வத்தின் ஒரு பகுதி, தந்தை முதலிட்ட டெவன் கிறேற் கொன்சொல்ஸ் செப்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் ஆசனிக்கு உற்பத்தியிலும் முன்னணியில் நின்றது. 1871 முதல் 1875 வரை மொறிஸ் அதன் இயக்குநராயிருந்தார். அவரது தொடக்க காலச் சுவர்த்தாளொன்றின் பச்சையிலே ஆசனிக்கு இருந்தமையை 2003இல் வெளியான இரசாயன ஆய்வு நிறுவிற்று. இதனைக் கொண்டு மொறிஸை இகழ்தல் எமது நோக்கமன்று. 1883இல் சோசலிச இயக்கத்திலே சேர்ந்த பின், உழைப்பிலே மகிழ்ச்சியின்றிக் கலையிலே அழகில்லை என்று அவர் வலியுறுத்தினார். தனிமனிதரின் நல்லெண்ணமும் நல்லிரசனையும் உற்பத்தி உறவுகளைத் தாண்டிச் செல்ல மாட்டா என்பதையே அவரது வாழ்வு உணர்த்துகிறது.

மரத்திலே தொங்கிய கண்ணாடிக் குண்டுகளின் கதையும் வேறன்று. துறிங்கியாக் காட்டிலுள்ள லவுஷா கிராமத்திலே அவை வீடுகளிலேயே ஆக்கப்பட்டன. ஆடவர் ஊத, பெண்கள் உள்ளே வெள்ளிப்பூச்சிட, பிள்ளைகளும் உடனுழைத்தனர். சொன்னபேர்க் வணிகர் வாங்கி உலகெங்கும் அனுப்பினர். 1880கள் தொடக்கம் வூல்வேர்த்தின் மலிவுக் கடைகள் அவற்றை அமெரிக்க இல்லங்களிலே நிறைத்தன. ஒரு குடும்பத்தின் இல்லம் ஒளிபெற, மற்றொரு குடும்பத்தின் இல்லம் பட்டறையாயிற்று.

6

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபு, பசுந்தழை கட்டும் மகிழ்ச்சி போலியானது என்பதன்று. கன்ரபரியின் வாயில்களிலே ஹொலி நாட்டியோரும், தெருவிலே அதனை விற்றோரும் அழகையும் ஓய்வையும் தமது உரிமையாகவே கருதினர். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைச் சிறாருக்கு நத்தார் நாளை விடுமுறையாக்கியமையும், 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் மறுநாளையும் சேர்த்தமையும், பறிக்கப்பட்ட பல திருநாட்களுக்கு ஈடாகக் கிடைத்த சிறு பங்கேயாகும்.

ஹொலியே வளராத எமது நாட்டிலும் வாழ்த்து மடல்களிலே அதன் செங்கனி சிவக்கிறது. பனியே விழாத ஊர்களிலே பருத்திப் பஞ்சு பனியாகிறது. இதனை வெறும் போலச்செய்தல் என்று நகைத்தல் எளிது. கடல்கடந்த வாணிகமும் ஆட்சியும் ஓர் இலையை எவ்வாறு இத்துணைத் தொலைவு கொண்டுவந்தன என்று ஆராய்தலே பயனுடையது. அலங்காரத்தின் வரலாறு அழகின் வரலாறு மட்டுமன்று, உழைப்பின் வரலாறுமாகும். அடுத்த முறை ஒரு பச்சை இலையின் தொன்மையைப் பற்றிப் பேச நேரும்போது, அவ்விலைக்குப் பச்சையூட்டிய கைகளையும் சேர்த்துக் கணக்கிடுதல் ஆய்வாளர் கடனாகும்.