கெம்பஸ் கிடைக்குமா? வெட்டுப்புள்ளிக்கு முன் சொல்லப்படும் கணக்குகளின் கதை

 

உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து வெட்டுப்புள்ளி வரும்வரை நமது ஊர்களில் எல்லோரும் கணக்காளர்கள்தான். "போன வருஷம் மொனராகலைக்கு இவ்வளவுதான், உங்கட மகளுக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்பார் ஒருவர். "கிடைக்காது, வேற ஏதாவது பாருங்க" என்பார் இன்னொருவர். பள்ளிவாசல் முன்னால், பஸ்ஸில், வட்ஸ்அப் குழுவில் எல்லாம் இதே பேச்சு. இதை நம்பி, தாம் விரும்பிய கற்கைநெறியை விண்ணப்பத்தில் எழுதாமலே விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முன்கூட்டியே பலன் சொல்வது புதிய பழக்கமல்ல. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தபோது படிப்பு ஆங்கிலத்தில். பிள்ளை படித்தது நகரத்து ஆங்கிலப் பாடசாலையா என்று கேட்டாலே பாதி விடை தெரிந்துவிடும். பிபிலைக் கிராமத்துப் பிள்ளைக்கும் பசறைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் பரீட்சைக்கு முன்பே பதில் எழுதப்பட்டிருந்தது. 1960களில் கலைப் பிரிவு தாய்மொழிக்கு வந்தபிறகுதான் கிராமத்துப் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே போனார்கள்.

அந்தக் காலத்தில் நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். கூட்டிப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். 1971 அனுமதியில் அந்த ஊகமும் உடைந்தது. அந்த ஆண்டு மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு 250 புள்ளி, சிங்கள மொழி மூலம் எழுதியவர்களுக்கு 229. தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் 250 தான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நமது சமூகத்தைச் சேர்ந்த அல்ஹாஜ் பதியுத்தீன் மஹ்மூத். தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் மனதில் இது விட்ட காயத்துக்கு முழு நாடும் விலை கொடுத்தது. அதே கோட்டா, விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத மாவட்டங்களுக்கு முதன்முறையாக ஒரு கதவைத் திறந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

நம் பக்கத்தில் இன்னொரு அநியாயமும் நடந்தது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்ப இடம் என்றால் லயன்களில் இருந்த தோட்ட மக்களும் அந்தத் தொகையில் அடங்குவர். ஆனால் அவர்களின் பிள்ளைகள் தமிழில் விஞ்ஞானம் படிக்க அருகில் உயர்தர வகுப்பு இருக்கவில்லை. 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட அந்த மக்களின் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். கணக்கில் அவர்கள் இருந்தார்கள், கதிரையில் இருக்கவில்லை.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உருவானது. அடுத்த ஆண்டு வந்த முறையில் 30 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இப்போது பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அது 40, 55, 5 என்று இருக்கிறது. அந்த 5 வீதம் 16 மாவட்டங்களுக்கு உரியது. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் உள்ளன.

2001 முதல் இஸட் புள்ளி. ஒரு பாடத்தை எழுதியவர்களின் சராசரியை விட உங்கள் புள்ளி எவ்வளவு மேலே அல்லது கீழே என்று பார்த்து, புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவால் அதை வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்து அதன் சராசரிதான் பெறுபேற்றுத் தாளில் வருகிறது. "மூன்று ஏ எடுத்தும் கிடைக்கல்லையே" என்று சில பெற்றோர் அழுவதன் காரணம் இதில்தான் இருக்கிறது. ஏ என்பது ஒரு எல்லையைத் தாண்டியதற்கான அடையாளம். எவ்வளவு தாண்டினார், கூட எழுதியவர்கள் எவ்வளவு தாண்டினார்கள் என்பதை இஸட் புள்ளிதான் காட்டும்.

அந்தத் தாளும் ஒருமுறை பிழைத்தது. 2011 இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் பிள்ளைகள் எழுதினார்கள். டிசம்பரில் வந்த பெறுபேற்றில் மாவட்ட நிலைகளிலேயே பிழை இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இரு தரப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இஸட் புள்ளிகளை 2012 ஜூனில் நீதிமன்றம் ரத்துச் செய்து, தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. கையில் இருந்த தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவரும் கவலைப்பட்டவரும் மறுபடி காத்திருக்க வேண்டியதாயிற்று.

சரி, போன வருஷ வெட்டுப்புள்ளியை எவ்வளவு நம்பலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடம் என்று வைப்போம். மாவட்டங்களுக்கு 550. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மொனராகலையின் சனத்தொகை சுமார் நாலரை இலட்சம், நாட்டின் தொகையில் 2.2 வீதம். அப்படியானால் நமக்குச் சுமார் 12 இடம். பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் இன்னும் இரண்டு மூன்று.

வெட்டுப்புள்ளி என்பது யாரும் முன்கூட்டித் தீர்மானிக்கும் எல்லை அல்ல. அந்தப் பதினைந்து பேரில் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இஸட் புள்ளிதான் அது. மேலே உள்ள இரண்டு பிள்ளைகள் வேறு கற்கைநெறியை முதலில் எழுதியிருந்தால், அல்லது திறமை ஒதுக்கீட்டிலேயே போய்விட்டால், கோடு கீழே இறங்கும். கோட்டாவுக்காக வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து எழுதிய நான்கு பேர் இருந்தால் மேலே ஏறும். பெரிய மாவட்டத்தில் நான்கு பேரால் பெரிய மாற்றம் வராது. நமது மாவட்டத்தில் நான்கு பேர் என்றால் கால்வாசிக்கும் மேல். ஆகவே போன வருஷப் புள்ளி காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டலாம், மழை பெய்யுமா என்று சொல்லாது.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வருஷ வெட்டுப்புள்ளிகளை எடுத்து, மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் எவை என்று பாருங்கள். பிள்ளையின் புள்ளி இடையில் விழுந்தால் யாருடைய ஆரூடத்துக்கும் பெறுமதியில்லை.

விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை உண்மையான விருப்ப ஒழுங்கில் எழுதுங்கள். "கிடைக்காது" என்று பயந்து விரும்பியதைக் கீழே போட வேண்டாம். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எழுதாத ஒன்றை யாராலும் தர முடியாது.

"கட்டாயம் கிடைக்கும்" என்ற பேச்சை நம்பி இரண்டாம் முறை எழுதும் ஆயத்தத்தையோ தொழில்நுட்பக் கல்லூரி விண்ணப்பத்தையோ கைவிடாதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள், விண்ணப்பம் நிரப்ப வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் பாடசாலைக்கு வாருங்கள். கைநூலையும் கொண்டு வாருங்கள், இருந்து நிரப்புவோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்புவதுதான். மிச்சத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பிவிடுங்கள். காத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் துஆச் செய்யுங்கள்.