வதந்தியில் பிறந்த பூட்டு

1994 ஏப்ரல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கணிதவியலாளர் பீட்டர் ஷோர் உரையாற்றினார். ரகசியக் குறியாக்கத்துக்கு அடித்தளமான ஒரு கடினக் கணக்கை, குவாண்டம் கணினி என்று ஒன்று வந்தால் எளிதில் போட்டுவிடும் என்பதுதான் பேச்சு. செய்தி வாய்மாறிப் போனதில் கணக்கே மாறிவிட்டது. வார இறுதியில் பெர்க்லியிலிருந்து கணினி அறிவியலாளர் உமேஷ் வசிரானி அழைத்தார். பெரிய எண்களைப் பகா எண்களாக உடைக்க ஷோர் வழி கண்டுவிட்டாராமே, எப்படி என்று கேட்டார். ஷோர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் இடைப்பட்ட நாட்களில் அதையும் கண்டுபிடித்திருந்தார்! அப்படி உடைப்பது கடினம் என்பதை வைத்தே 1977 முதல் உலகம் நம்பிய ஆர்எஸ்ஏ குறியாக்கப் பூட்டுக்குக் கள்ளச்சாவி காகிதத்தில் தயாரானது. அதைத் திருப்பும் இயந்திரம் மட்டுமே பாக்கி.

இயந்திரம் வரும்போது பார்க்கலாம் என்று இருக்க முடியவில்லை. இன்றைய ரகசியங்களை அள்ளிச் சேர்த்துவைத்து, அன்றைக்குத் திறந்துகொள்ளலாமே! 2016 டிசம்பரில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், புதிய பூட்டுகளை அனுப்பும்படி உலகை அழைத்தது. 69 களத்தில் இறங்கின. யார் வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். உடைக்கவும் செய்தார்கள்.

2022 தொடக்கத்தில், இறுதிச் சுற்று வரை வந்த 'ரெயின்போ' ஒரு மடிக்கணினியிடம் ஒரு வார இறுதியில் வீழ்ந்தது. அடுத்த அடி இன்னும் பலமானது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரு இருவரும், பலரும் மெச்சிய 'சைக்' முறையைச் சாதாரணக் கணினியின் ஒற்றைக் கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். ஆயுதம், எர்ன்ஸ்ட் கானி 1997இல் நிரூபித்த தேற்றம். இத்தனை ஆண்டுகள் அது கண்ணெதிரே கிடந்திருக்கிறது! அப்படியானால் எதைத்தான் நம்புவது?

அதே போட்டிக்கு வந்த 'கைபர்' நின்றது. அதன் மூலம் ஓடெட் ரெகெவ் 2005இல் முன்வைத்த யோசனை: சமன்பாடுகளின் விடையில் வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கலந்துவிடுவது. பிழை இல்லாவிட்டால் கல்லூரி மாணவரே விடை கண்டுவிடுவார். கலந்ததும் குவாண்டம் கணினிக்கும் அதை விடுவிக்கும் வழி தெரியவில்லை. 2022 ஜூலையில் நிஸ்ட் கைபரைத் தேர்ந்தெடுத்தது. 2024 ஏப்ரலில் யிலெய் சென் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அந்த அஸ்திவாரத்தையே அசைத்தது. துறையே உறைந்தது. எட்டாம் நாள், கட்டுரையில்தான் பிழை என்று தெரிந்தது.

2024 ஆகஸ்ட் 13 அன்று கைபர் 'எம்எல்-கெம்' என்ற பெயரில் அதிகாரபூர்வத் தரமானது. அதற்குள்ளாகவே அது சிக்னல், ஐமெசேஜ் செயலிகளிலும் கணினிகளின் குரோம் உலாவியிலும் ஓசையின்றிக் குடியேறியிருந்தது. 32 பைட் சாவி இருந்த இடத்தில் 1,184 பைட் சாவி கூடுதலாக வந்ததால் சில சர்வர்கள் திணறின. மற்றபடி யாருக்கும் தெரியவில்லை. ஆர்எஸ்ஏவை 2035க்குப் பிறகு அனுமதிக்கக் கூடாது என்றது நிஸ்ட் 2024இல் வெளியிட்ட வரைவு.