பேரேடு யார் கையில்?



நம் மக்களைப் பற்றிக் கதையும் கவிதையும் எழுதப்படும் முன்பே அவர்கள் பெயரை எழுதிக்கொண்ட ஏடு ஒன்று உண்டு. அது தோட்ட ஆபீசின் வருகைப் பதிவேடு. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

கங்காணி காலத்தில் ஏடு நமக்கு எதிராகவே எழுதப்பட்டது. அதில் இருந்தது முன்பணக் கணக்கு. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டால் 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் அவரைத் தண்டித்தது. அது போதாதென்று 1903இல் சென்னை மாகாணம் தோட்ட முதலாளிகளுக்காகத் தனிச் சட்டமே செய்தது.

ஏட்டின் திசையைத் திருப்ப முயன்றவர்களில் முதன்மையானவர் அண்ணல் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அவர், ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரும் மசோதாவை 1944 நவம்பரில் கொண்டுவந்தார். மலைக்கு அந்த உரிமை வரச் சுதந்திரத்துக்குப் பின்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. தகுதிபெற்ற மருத்துவர் சான்றளித்தால் முதலாளி நோய்க்காலப் படி தரவேண்டும் என்றது. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அதிகாரத்தை ஆய்வாளருக்குக் கொடுத்தது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் இது பொருந்தியது. ஏலத்தோட்டமும் பின்னர் இதற்குள் வந்தது.

ஆனால் 20 நாள் என்று எண்ண, யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். ஆண்டில் 60 நாளுக்கு மேல் ஒப்பந்தத்தில் உழைப்பவரும் தொழிலாளியே என்றது 2010 திருத்தம். அந்த 60 நாளை எண்ணியதும் முதலாளியின் ஏடுதான்.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி ஏலக்காட்டுக்குப் போகும் நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போயிற்று. ஏட்டில் பெயரில்லாதவருக்குச் சட்டத்தின் கண்ணில் நோயும் வருவதில்லை. பெயரை எழுதாமல் விடுவது சோம்பலால் நேர்வதல்ல. அதில் முதலாளிக்கு லாபம் இருக்கிறது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தை நாம் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை நம் மாணவர்கள் தெருவுக்கொரு நோட்டுப் போடட்டும்: தேதி, தோட்டம், ஜீப், கூலி, மருத்துவச் சீட்டு. கங்காணி நம்மை ஏட்டால் கட்டினான். நம் ஏட்டை இனி நாமே எழுதுவோம்.