கட்செவியும் மகுடியும்: பாம்பின் கேள்விப்புலன் குறித்த கருத்துகளின் வரலாறு

தமிழில் பாம்புக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'கட்செவி'. கண்ணையே செவியாக உடையது என்பது அதன் பொருள். வடமொழியிலும் இதே பொருளுடைய பெயர் பாம்புக்கு உண்டு. எம்மொழியிலிருந்து எம்மொழிக்குச் சென்றது என்னும் வினா இங்கு எழுப்பப்படவில்லை. இச்சொல்லைக் குறித்து இன்று இருவகைக் கூற்றுகளைக் கேட்கிறோம். முன்னோர் பாம்பின் உடற்கூற்றை அறிந்தே இப்பெயரிட்டனர் என்பது ஒன்று. இது வெறும் கற்பனை என்பது மற்றொன்று. தம்முள் மாறுபடும் இவ்விரண்டும் ஓரிடத்தில் உடன்படுகின்றன: பாம்புக்குக் காது கேளாது. அம்முடிபே மறுஆய்வுக்குரியது என்பதும், அது வேரூன்றிய வரலாற்றில் சென்னையின் தென்புறநகருக்கு ஒரு பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்துகையில் செவியறிவை ஐந்தாவதாக வைக்கிறது. அவ்வகைப்பாட்டில் நின்று நோக்கினால், புறச்செவி காணப்படாத ஓர் உயிருக்குச் செவியறிவு உண்டா என்பது இலக்கண நோக்கிலும் பொருளுடைய வினாவாகிறது. 'கட்செவி' அவ்வினாவுக்கான ஒரு விடைபோல் தோன்றுகிறது: செவி இல்லை என்னாது, கண்ணுக்குள் அதனை ஒடுக்கிவிடுகிறது. சங்கப் பாடல்களோ வேறொரு செய்தியைத் தருகின்றன. இடிமுழக்கத்தால் பாம்பு நடுங்குவதும் அழிவதும் குறுந்தொகை முதலிய தொகைகளில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி. இசைக்கு மயங்கும் உயிராக அப்பாடல்கள் காட்டுவது பாம்பையன்று, அசுணத்தை. மகுடிக்குப் பாம்பு ஆடும், புன்னாகவராளி பாடினால் பாம்பு வரும் என்னும் நம்பிக்கைகள் இவற்றினின்று பிரித்து நோக்கத்தக்கவை. இடிக்கு அஞ்சும் பாம்பும் இசைக்கு ஆடும் பாம்பும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் அல்ல. இவ்வேறுபாடு ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை என்றே எண்ணுகிறேன்.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் தம் பாம்புப் பண்ணையை முதலில் நிறுவினார். அமெரிக்காவின் மயாமியில் பில் ஹாஸ்டின் பாம்பகத்தில் பணியாற்றித் திரும்பியவர் அவர். பின்னர் அப்பண்ணை கிண்டிக்கு இடம்பெயர்ந்தது, 1972இல் அறக்கட்டளையாயிற்று. சேலையூரின் இன்றைய அடுக்ககங்களைக் காண்போர்க்கு அங்கே பாம்புக்கென ஓரிடம் இருந்தது நம்புதற்கரியதே. பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்வதே இயல்பாயிருந்த ஊர்களில், அதைக் கண்ணாடிக்கு அப்பால் நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் செய்ததே அப்பண்ணையின் வரலாற்றுப் பணி எனலாம். பாம்பு பற்றிய பொது அறிவூட்டலில் மகுடி முதன்மையான எடுத்துக்காட்டாயிற்று. பாம்பு இசையைக் கேட்டு ஆடுவதில்லை. மகுடியின் அசைவைக் கண்ணால் தொடர்கிறது என்பது பாடம். பாம்பு பால் குடிக்காது, பழிவாங்காது என்பனவும் உடன் சொல்லப்பட்டன. இப்பாடத்தின் முற்பகுதி சரியானதே. ஆயின் நான் பள்ளியில் கற்றபோது அது 'பாம்புக்குக் காது கேளாது' என்று ஒரே தொடராகச் சுருங்கியிருந்தது. மூடநம்பிக்கையை நீக்க எழுந்த கூற்று, சோதிக்கப்படாத மற்றொரு நம்பிக்கையாக நிலைத்துவிட்டது.

மகுடியின் முன் நாகம் செய்வது என்ன? படமெடுத்தல் தற்காப்புச் செயல். எதிரே ஒரு பொருள் அசைகிறது. விழித்திரையின் செய்தி நடுமூளையின் கூரைப்பகுதியை அடைகிறது. அங்கே பார்வைப்புலம் ஒரு வரைபடம்போல் விரிந்துள்ளது. பொருள் எத்திசையில் நகர்கிறதோ அத்திசைக்குத் தலையைத் திருப்பும் ஆணை மூளைத்தண்டு வழியாகக் கழுத்துத் தசைகளுக்குச் செல்கிறது. நாம் ஆட்டம் எனக் காண்பது இத்தொடர்ச்சியையே. எனவே ஆட்டத்துக்கு இசை தேவையில்லை. கைமுட்டியை அசைத்தாலும் போதும். ஆனால் ஆட்டத்துக்கு இசை தேவையில்லை என்பதிலிருந்து பாம்புக்குக் கேள்வியே இல்லை என்பது பெறப்படாது.

பாம்புக்குச் செவித்துளையும் செவிப்பறையும் இல்லை. உட்செவி உண்டு. அதனோடு இணைந்த சிற்றெலும்பு, தாடையைக் கபாலத்தோடு பொருத்தும் எலும்பைத் தொட்டு நிற்கிறது. தரையில் படிந்த தாடை அதிர்ந்தால் உட்செவி அறியும். காற்றில் வரும் ஒலியையும் உட்செவி அறியும் என்பதை எர்னஸ்ட் வீவரும் ஜாக் வெர்னானும் 1960இல் உட்செவியின் மின்னழுத்தத்தை அளந்து காட்டினர். 1971இல் பீட்டர் ஹார்ட்லைன் பாம்பின் நடுமூளையிலேயே அத்தகைய துலங்கலைப் பதிவு செய்தார். சென்னையில் பாம்புப் பண்ணை உருப்பெற்றுவந்த அதே காலம் அது. 2012இல் டென்மார்க்கைச் சார்ந்த ஆய்வர் மலைப்பாம்பு இனமொன்றில் மூளைத்தண்டின் துலங்கலை அளந்து, 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கே அது கூர்மையாக இருப்பதைக் கண்டனர்; காற்றொலி கபாலத்தை அதிரச் செய்வதே அதற்கு வழி. மகுடியின் உயர்ந்த சுருதி இக்கூர்மையான எல்லைக்கு அப்பாற்பட்டது. இடியின் முழக்கமோ தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதியான ஆற்றல் உடையது. சங்கப் புலவர் அளந்து பாடினர் என்று இதனால் கொள்ளலாகாது. இடியோடு தரையதிர்வும் வருகிறது, அழகியல் நோக்கமும் இருக்கிறது. ஆயினும் மரபின் இரு கூற்றுகளுள் எது இயற்கைக்கு அணுக்கமானது என்பதில் ஐயமில்லை.

ஹார்ட்லைன் குழுவினரின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. கிலுகிலுப்பைப் பாம்பின் நடுமூளைக் கூரையில், கண்ணின் செய்தியும் வெப்பமறியும் குழியின் செய்தியும் ஒரே நரம்பணுவில் கலப்பதை அது காட்டியது. ஒரு புலனுக்குள் மற்றொன்று கலத்தல் என்னும் அளவில் 'கட்செவி' நினைவுக்கு வருவது இயல்பே. நாகத்துக்கு அக்குழி இல்லை; ஒப்புமையை அதற்கு மேல் நீட்டுவது பிழை.

அதே 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபின் வாழ்வாதாரம் இழந்தவர்களுக்கு, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் நஞ்செடுக்கும் தொழில் வழி கிடைத்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுவர். பாம்புகள் மண்பானையில் வைக்கப்பட்டு வாய் துணியால் கட்டப்படும். இருளில் பாம்பு அடங்கிவிடும். கண்ணுக்குத் தூண்டல் அற்றால் தற்காப்புச் செயலும் தணிகிறது என்னும் நடத்தையறிவு அப்பானையில் உள்ளது. இக்கலையில் வல்லுநர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

அவ்வாண்டிலேயே ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டினா ஸ்டெனெக் குழுவினர், கட்டின்றி ஊரும் 19 பாம்புகளுக்கு 450 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை ஒலிபுகா அறையில் எழுப்பிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டனர். காற்றில் மட்டும் வந்த ஒலிக்கும் அவை துலங்கின. மலைப்பாம்பு இனமாகிய வோமா ஒலியை நோக்கி நகர்ந்தது. தைப்பானும் பழுப்புப் பாம்பும் விலகிச் சென்றன. ஒரே தூண்டலுக்கு இனத்துக்கு இனம் வேறு துலங்கல். பகைவருக்கு அஞ்சவேண்டிய தேவை பெரிய மலைப்பாம்புக்குக் குறைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். சேலையூரில் தொடங்கிய பாடத்தில் திருத்தப்பட வேண்டியது ஒரு தொடரே: பாம்பு மகுடிக்கு ஆடுவதில்லை, ஆனால் அது செவிடு அன்று.