நிறுத்தக்குறிகள் எதற்காக வந்தன?

தாராவியின் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் ஒரு மாணவர் தமிழையும் மராத்தியையும் வெவ்வேறு எழுத்தில் எழுதுகிறார். காற்புள்ளியை மட்டும் இரண்டிலும் ஒரே வடிவில் இடுகிறார். நிறுத்தக்குறிகள் ஆங்கிலத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்ட ஒப்பனை என்று கருதுவோர் ஆய்வுலகிலும் உண்டு. குறிகளின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது உண்மையே. ஆனால், அவற்றுக்கான தேவை நம் மொழிகளுக்குள்ளேயே இருந்தது.

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரை இலக்கண உரைகள் எடுத்துக்காட்டும். 'செம்பொன் பதின்தொடி' எனப் பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு ஒன்பதின்தொடி' எனப் பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. இத்தகைய புணர்ச்சியில் பொருளை வேறுபடுத்துவது ஒலிக்கும் முறையே என்றும், எழுத்தில் அதற்கு வரையறை இல்லை என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. எழுத்தால் இயலாததைக் குரல் செய்தது. பாடம் சொல்லும் ஆசிரியரும் அருகில் இருந்தார்.

19ஆம் நூற்றாண்டில் அச்சும் பள்ளியும் இந்நிலையை மாற்றின. 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கி, பின்னர் அச்சகமும் நிறுவிய ஆறுமுக நாவலர், தம் உரைநடை நூல்களில் குறிகளை முறையாகக் கையாண்டார். சொல் பிரிக்காமல் மோடி எழுத்தில் எழுதப்பட்டுவந்த மராத்திக்கு, அதே காலகட்டத்தில் தாமஸ் கேண்டி குறிகளை வகுத்தளித்தார். இருவர் முன்னும் இருந்தவர் ஒருவரே: ஆசிரியர் துணையின்றி அச்சிட்ட நூலைத் தனியே படிக்கும் புதிய வாசகர்.

'நேற்று மாட்டுங்காவுக்கு வந்த ஆசிரியரைச் சந்தித்தேன்.' ஆசிரியர் வந்தது நேற்றா, நான் சந்தித்தது நேற்றா? பேச்சில் ஒரு சிறு நிறுத்தம் இதைத் தீர்க்கும். எழுத்தில் 'நேற்று' என்பதன்பின் இடும் காற்புள்ளி, சந்திப்பே நேற்று நிகழ்ந்தது என உணர்த்தும்.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. 'கபிலரும் பரணரும் நக்கீரரும்' என்னும்போது 'உம்' இடைச்சொல்லே பெயர்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. அங்கே காற்புள்ளி மிகை. அயற்கூற்றின் எல்லையை 'என்று' காட்டிவிடுகிறது; அங்கே மேற்கோள்குறி வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் குறி வரும் இடங்களிலெல்லாம் தமிழிலும் இடுவது, தமிழ் இலக்கணம் ஏற்கெனவே செய்துமுடித்த வேலையை மீண்டும் செய்வதாகும்.

ஆய்வேடு எழுதும் மாணவர்கள் ஒவ்வொரு குறியிடத்தும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: இதை நீக்கினால், நம் குரலைக் கேட்காத வாசகர் வேறு பொருள் கொள்வாரா? கொள்வார் எனில், அக்குறி தமிழுக்கு உரியதே.