தனியாட்டமும் கூட்டாட்டமும்

நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வாழும் பாடசாலை அதிபர் ஒருவர் கொல்ப் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வழிவழியாக அறிந்தது கிளித்தட்டு. அதிலே கோட்டைக் காப்பவருள் ஒருவர் அயர்ந்தால் அணி முழுவதற்குமே இழப்பு. கொல்ப்போ, தன் பந்தைத் தானே அடித்துச் செல்லும் தனியாட்டம் என்று கருதப்படுவது. அத்தகைய ஆட்டத்துள்ளும் கூட்டாட்டம் எவ்வாறு இடம்பெற்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஸ்கொத்லாந்திலே தொன்றுதொட்டு ஆடப்பட்ட இவ்வாட்டத்துக்கு, 1744 ஆம் ஆண்டில் 13 விதிகள் எழுதப்பட்டன. எடின்பரோ நகரசபை வெள்ளி மட்டையொன்றைப் பரிசாக அளிக்க, லீத் திடலிலே போட்டி நடந்தது. ஜோன் ரட்றே என்னும் சத்திரவைத்தியர் வென்றார். அன்று பார்க்கப்பட்டது வென்ற குழிகளின் தொகை. ஒரு குழியிலே எத்தனை அடிகள் கூடுதலாக அடித்துத் தோற்றாலும், இழப்பது அந்த ஒரு குழியை மட்டுமே. அடுத்த குழியில் மீண்டும் எழலாம்.

1759 இல் சென் அன்றூஸ் கழகத்தார் வேறொரு முறையை வகுத்தனர். திடல் முழுவதையும் குறைந்த அடிகளிற் சுற்றி வருபவரே வென்றவர் என்றனர். இங்கே ஒரு பிழையும் மறக்கப்படுவதில்லை. ஒவ்வோர் அடியும் இறுதிவரை கணக்கில் நிற்கும். 1860 இல் பிறெஸ்ற்விக் திடலிலே எண்மர் ஆடிய முதலாவது பகிரங்கப் போட்டியும் இம்முறையிலேயே நடந்தது. வில்லி பார்க் என்பவர் 36 குழிகளை 174 அடிகளில் முடித்து வென்றார்.

இவற்றோடு பழைய கழகங்களிற் பெரிதும் விரும்பப்பட்ட மற்றொரு முறையும் உண்டு. அது நால்வர் ஆட்டம். பக்கத்துக்கு இருவர், ஆயினும் பக்கத்துக்குப் பந்து ஒன்றே. இருவரும் மாறிமாறி அடித்தல் வேண்டும். தோழன் பற்றைக்குள் அடித்த பந்தை மற்றவரே வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் பிழைக்கு மற்றவர் பரிகாரம் தேடும் ஆட்டம் இது.

ஆங்கிலேய ஆட்சியோடு கொல்ப் கீழைத்தேயத்துக்கும் வந்தது. கல்கத்தாவில் 1829 இல் கழகம் தோன்றியது. கொழும்பில் 1880 ஆம் ஆண்டையொட்டிக் காலிமுகத்திடலில் ஆடத் தொடங்கியோர், 1896 இல் ஆள்பதி றிட்ஜ்வேயின் பெயர் தாங்கிய புதிய திடலுக்குச் சென்றனர். அதனூடே களனிவெளிப் புகையிரதப் பாதை இன்றும் செல்கின்றது.

கூட்டாட்டத்துக்கு உலகப் புகழ் அளித்தது றைடர் கிண்ணம். விதை வணிகரான சாமுவேல் றைடர் வழங்கிய அக்கிண்ணத்துக்காக, 1927 இல் பிரித்தானிய அணியும் அமெரிக்க அணியும் முதன்முறையாகப் பொருதின. நால்வர் ஆட்டமும் தனியாட்டமும் சேர்ந்தமைந்த அப்போட்டியில், 1963 இலே நான்கு பந்தாட்டமும் சேர்க்கப்பட்டது. இதில் நால்வரும் தத்தம் பந்தையே அடிப்பர். ஒவ்வொரு குழியிலும் இணையின் சிறந்த எண்ணே கொள்ளப்படும். ஆகவே ஒருவர் தவறினும் மற்றவர் தாங்குவர்.

1969 இல் றோயல் பேர்க்டேல் திடலில் இறுதி ஆட்டம் இறுதிக் குழிவரை சமமாகச் சென்றது. பிரித்தானியரான ரொனி ஜக்லினுக்கு எஞ்சியது ஒரு குறுகிய அடி. அதை அவர் தவறவிட்டால் அமெரிக்க அணிக்கு வெற்றி. ஆனால் எதிரே நின்ற ஜக் நிக்கிளவுஸ், அவ்வடியை அடிக்கவிடாமலே விட்டுக்கொடுத்தார். போட்டி 16க்கு 16 எனச் சமமாயிற்று. அவருடைய அணித்தலைவருக்கு அது உவப்பாயில்லை. வரலாறோ அதைப் போற்றுகின்றது. குழிக்கணக்கிலே விட்டுக்கொடுத்தல் விதியால் ஏற்கப்பட்டது; அடிக்கணக்கிலே அதற்கு இடமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை விளையாட்டு விழாவில், அஞ்சலோட்டத்திலே மாணவனொருவன் கோலைத் தவறவிட்டான். அழுதுகொண்டு நின்றவனிடம் கோலைக் கொடுத்தவன் வந்து, “நானும் கொஞ்சம் முந்திக் கையை விட்டிட்டன்” என்றான். அன்று அவ்வில்லம் தோற்றது. ஆயினும் நான் நெடுநேரம் அவ்விருவரையுமே பார்த்து நின்றேன்.

பரீட்சைப் புள்ளியென்னும் அடிக்கணக்கிலேயே நம் பிள்ளைகளின் இளமை கழிகின்றது. அது வேண்டியதே. எனினும் ஒரே பந்தை மாறிமாறி அடிக்கும் பயிற்சியும் அவர்களுக்கு வேண்டும். பிறர் பிழையைத் தன் பிழையாக ஏற்பதற்கு வேறெந்தக் கணக்குப் புத்தகம் கற்பிக்கும்?